ஒகாடா – தனஹாஷி, டோக்கியோ டோம், 2016 ஜனவரி 4: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங்கில் எதை முதலில் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்த மேட்சைத்தான். சொன்ன கையோடு கேள்விகளும் வந்துவிடும், யார் இவர்கள், ஏன் இவ்வளவு நேரம், தோற்றவருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். யார் ஜெயித்தார் என்பதும் இதில் இருக்கிறது. அது தெரிந்துவிட்டதால் மேட்ச் கெட்டுப்போகாது.

முதலில், எந்த மேட்ச் இது?

நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் நிறுவனம் 1992-லிருந்து வருடா வருடம் ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் தன் மிகப் பெரிய நிகழ்ச்சியை நடத்துகிறது. 2007-லிருந்து அதற்கு ரெஸில் கிங்டம் என்று பெயர். 2016-இல் நடந்தது பத்தாவது ரெஸில் கிங்டம், அதன் கடைசி மேட்ச் இது. ஐ.டபிள்யூ.ஜி.பி. ஹெவிவெயிட் பெல்ட்டை, அதாவது நிறுவனத்தின் முதன்மை சாம்பியன் பட்டத்தை, வைத்திருந்தவர் கசுச்சிகா ஒகாடா, வயது 28. சவால் விட்டு வந்தவர் ஹிரோஷி தனஹாஷி, வயது 39. 36 நிமிடம் 1 நொடி ஓடியது. ஒகாடா ஜெயித்தார்.

தனஹாஷி ஏன் இவ்வளவு முக்கியமானவர்?

அவர் இல்லாவிட்டால் நியூ ஜப்பான் இந்த அளவுக்கு எழுந்து நின்றிருக்காது என்பது என் உறுதியான கருத்து. 1972-இல் அன்டோனியோ இனோக்கி தொடங்கிய நிறுவனம் அது. 2000-க்குப் பிறகு ஜப்பானில் கலப்புச் சண்டை விளையாட்டுகள் சக்கைப்போடு போட்டபோது, இனோக்கி தன் ரெஸ்லர்களை நிஜச் சண்டைகளுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் அங்கே போய் அடிவாங்கித் தோற்றுத் திரும்பினால், இங்கே அவர்களை மாவீரர்கள் என்று யார் நம்புவார்கள்? கூட்டம் கலைந்தது, அரங்குகள் காலியாகின.

அந்த நேரத்தில் மேலே வந்தவர்தான் தனஹாஷி. கிஃபு மாநிலத்தின் ஒகாகி ஊர்க்காரர், ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு 1999 அக்டோபரில் ரிங்குக்கு வந்தவர். நீளமான சாயம் போட்ட முடி, பளபளக்கும் உடை, ஜெயித்ததும் இல்லாத கிதாரை வாசித்துக் காட்டுவது. முறைத்த முகமும் கறுப்பு டிரவுசருமாக நிற்கிறவர்களையே பார்த்துப் பழகிய பழைய ரசிகர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 2006 ஜூலையில் சப்போரோவில் முதல் தடவை பெல்ட்டை ஜெயித்த பிறகும் அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவர் மாறவில்லை. ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தார், கடைசி வரிசை ரசிகருக்கும் கை கொடுத்தார், தன்னை நூறு வருடத்துக்கு ஒருவர் என்று தானே சொல்லிக்கொண்டு அதற்கேற்ப உழைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊளை கைதட்டலாக மாறியது. 2011 ஜனவரி 4 அன்று சடோஷி கோஜிமாவிடமிருந்து வாங்கிய பெல்ட்டை ஒரு வருடத்துக்கும் மேல் வைத்திருந்து, 11 முறை காப்பாற்றினார். அன்றைக்கு அது சாதனை.

ஒகாடா எங்கிருந்து வந்தார்?

ஐச்சி மாநிலத்தின் அன்ஜோ ஊரில் 1987-இல் பிறந்தவர். தனஹாஷியைவிட ஏறக்குறைய 11 வயது இளையவர். மற்றப் பையன்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற வயதில் இவர் அல்டிமோ டிராகன் என்ற ரெஸ்லர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மெக்சிகோவுக்குப் போய்விட்டார், 2004-இல் முதல் மேட்ச் ஆடும்போது வயது 16. 2007-இல் நியூ ஜப்பானுக்கு வந்தார். அங்கே யாராக இருந்தாலும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும், கறுப்பு டிரவுசர், கறுப்பு பூட்ஸ், பெரியவர்களுக்கு எடுபிடி வேலை, அப்புறம் வெளிநாட்டில் சில காலம். இவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

2012 ஜனவரி 4 அன்று திரும்பி வந்து ஆடிய மேட்ச் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை, பார்த்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதே இரவில் தனஹாஷி மினோரு சுசுகியை வென்று 11-ஆவது முறையாக பெல்ட்டைக் காப்பாற்றிய பிறகு, இந்த 24 வயதுப் பையன் ரிங்குக்குள் வந்து உங்கள் காலம் முடிந்துவிட்டது என்கிறான். கூட்டம் கத்தித் தீர்த்தது. பிறந்ததிலிருந்து தான் களைத்ததே இல்லை என்று தனஹாஷி பதில் சொன்னார், அது இன்றைக்கும் ரசிகர்கள் சொல்லித் திரிகிற வசனம்.

பிப்ரவரி 12, ஒசாகா. ஒகாடா ஜெயித்தார். அவரது ரெயின்மேக்கர் (பண மழை கொட்டவைப்பவர்) என்ற பட்டப்பெயரை வைத்து, ஜப்பானில் அந்த இரவுக்கு ரெயின்மேக்கர் ஷாக் என்றே பெயர் வந்துவிட்டது.

2012-லேயே ஜெயித்துவிட்டார் என்றால் 2016-இல் என்ன புதிதாக இருக்கிறது?

இதுதான் சரியான கேள்வி, இதற்குத்தான் நீளமான பதில் வேண்டும்.

ஒசாகாவில் ஜெயிப்பது வேறு, ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் கடைசி மேட்சில் ஜெயிப்பது வேறு. 2012 ஜூனில் தனஹாஷி பெல்ட்டைத் திரும்பப் பிடுங்கினார். அந்தக் கோடையில் ஜி1 கிளைமாக்ஸ் என்ற பெரிய லீக் போட்டியை ஜெயித்து, டோமில் சவால் விடும் உரிமையோடு ஒகாடா வந்தார். 2013 ஜனவரி 4 அன்று தனஹாஷி அவரைத் தோற்கடித்தார். அதே வருடம் ஏப்ரலில் ரியோகோகு சுமோ அரங்கில் ஒகாடா பழிதீர்த்து பெல்ட்டை எடுத்தார், அக்டோபரில் அதே அரங்கில் தனஹாஷியை மறுபடி வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு இந்த பெல்ட்டுக்கு இனி சவால் விடமாட்டேன் என்று தனஹாஷியே சொன்னார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை. அடுத்த ஜனவரி 4-க்கு எது கடைசி மேட்ச் என்று ரசிகர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெல்ட் ஒகாடாவிடம் இருந்தும், ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாம் நிலை பெல்ட்டுக்காக ஷின்சுகே நகமுரா என்ற இன்னொரு நட்சத்திரமும் தனஹாஷியும் ஆடிய மேட்சை. சாம்பியனாக இருந்தும் தன் வீட்டு மேடையில் கடைசியாக ஆட முடியாமல் போவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். பெல்ட் கையில் இருந்தது, இடம் தனஹாஷியிடமே இருந்தது.

2015 ஜனவரி 4. இந்தத் தடவை சாம்பியன் தனஹாஷி, சவால் விட்டவர் ஒகாடா. மறுபடி தோல்வி. மணி அடித்த பிறகு ஒகாடா அந்த நீண்ட நடைபாதையில் முகம் கோணி, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதுகொண்டே போனார். அதுவரை பணத்திமிரும் அலட்சியமுமாகத் தெரிந்த ஆளை, அந்த நடையைப் பார்த்த பிறகுதான் பலர் விரும்பவே தொடங்கினார்கள். நானும் அப்படித்தான்.

அந்த வருடம் ஜூலையில் வெளிநாட்டு நட்சத்திரம் ஏஜே ஸ்டைல்ஸிடமிருந்து ஒகாடா பெல்ட்டை வென்றார், ஆகஸ்டில் தனஹாஷி ஜி1 கிளைமாக்ஸை வென்றார். ஆக 2016-இல் பழைய கேள்வியே திரும்ப வந்தது, ஆனால் ஆட்கள் இடம் மாறி நின்றார்கள். இளையவர் பெல்ட்டோடு, மூத்தவர் சவாலோடு. டோமில் தனஹாஷியை ஒகாடாவால் ஜெயிக்கவே முடியாதோ என்ற சந்தேகம் அரங்கம் முழுக்க இருந்தது, அதை நான்கு வருடம் பொறுமையாக வளர்த்திருந்தார்கள்.

எல்லாம் முன்பே முடிவு செய்ததுதானே, இதில் என்ன பதற்றம்?

ஆமாம், யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். இதை மறைக்க வேண்டிய காலமெல்லாம் போய்விட்டது. விடிய விடிய உட்கார்ந்து பதினெட்டாம் போர் கூத்து பார்க்கிறவருக்குத் துரியோதனன் விழப்போவது தெரியாதா என்ன? எப்படி விழுகிறான் என்பதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் உடம்பு விஷயத்தில் பொய் கிடையாது. தனஹாஷியின் முடிப்பு அடி ஹை ஃப்ளை ஃப்ளோ. மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து எழும்பிக் குதித்து, மல்லாந்து கிடப்பவர் மேல் நெஞ்சும் வயிறுமாக விழுவது. ஒரே மேட்சில் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் அவர் முழங்கால்களும் தரையில் மோதும். வருடக் கணக்கில் இதைச் செய்தால் முழங்கால் என்ன ஆகும்? கடைசி வருடங்களில் அவர் ஓட முடியாமல் ஓடுவதைப் பார்த்தாலே தெரியும். அந்த வலிக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

மேட்சில் எதைக் கவனிக்க வேண்டும்?

கால்களையும் கையையும்.

தனஹாஷியின் வழி எப்போதும் கால்தான். எதிராளியின் காலைப் பிடித்துத் திருகி விழவைப்பார், முட்டியில் அடிப்பார், மறுபடி திருகுவார். ஒகாடாவுக்கு இது பெரிய இடி, ஏனென்றால் அவருடைய டிராப்கிக் உலகத்திலேயே அழகான ஒன்று. நல்ல உயரமான ஆள், நின்ற இடத்திலிருந்து எழும்பி எதிராளியின் முகத்துக்கு நேராக இரண்டு பாதத்தையும் வைப்பார். முட்டி போனால் அது போச்சு. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகப் போகிறதே என்று தள்ளிவிட்டுப் பார்த்தால் இது புரியாது. தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கை. ஒகாடாவின் முடிப்பு அடிக்கும் ரெயின்மேக்கர் என்றே பெயர். பின்னால் நின்று எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, அவரைச் சுழற்றி வெளியே தள்ளி, பிடியை விடாமலே தன் பக்கம் இழுத்து, மறு கையால் கழுத்தோடு சேர்த்து அடிப்பது. முந்தைய மேட்சுகளில் தனஹாஷி இதிலிருந்து தப்பிக்கப் பல வழி வைத்திருந்தார், குனிவார், தட்டிவிடுவார், இழுக்கும் வேகத்திலேயே திருப்பித் தாக்குவார். இந்த மேட்சின் கடைசிக் கட்டத்தில் ஒகாடா அடிக்கிறார், இருவரும் சாய்கிறார்கள், ஆனால் மணிக்கட்டைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. கேமரா அந்தக் கையைக் கிட்டத்தில் காட்டுகிறது. தனஹாஷி எழுந்து, கிடைத்த ஒரு கையால் கன்னத்தில் அறைகிறார். அப்போதும் பிடி விடவில்லை. நான்கு வருடம் கைநழுவிப் போன ஒன்றை இனிமேல் விடமாட்டேன் என்று ஒருவர் பேசாமல் சொல்ல முடியும் என்றால் அது இப்படித்தான் இருக்கும். இன்னொரு ரெயின்மேக்கர், ஒன்று, இரண்டு, மூன்று.

இதற்குப் பிறகு ஒகாடாவின் பெரிய மேட்சுகளில் எல்லாம் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடாமல் வைத்திருப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தக் கை கேமராவில் தெரிந்தாலே ரசிகர்கள் சத்தம் போடுவார்கள்.

விதிமுறைகள் தெரிய வேண்டுமா?

பெரிதாக இல்லை. தோள் இரண்டும் தரையில் இருக்க நடுவர் மூன்று எண்ணினால் முடிந்தது, அல்லது வலி தாங்காமல் ஒப்புக்கொண்டால் முடிந்தது. கயிற்றைத் தொட்டால் பிடியை விட வேண்டும். ரிங்குக்கு வெளியே போனால் 20 எண்ணும் வரை நேரம் உண்டு, டபிள்யூ.டபிள்யூ.இ.யில் பத்துதான். சாம்பியன்ஷிப் மேட்சுக்கு நேர வரம்பு 60 நிமிடம்.

டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு ஒத்துவருமா?

வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். இங்கே மைக்கில் சண்டை போடுவது குறைவு, மேட்சுக்குள்ளேயே கதை சொல்வார்கள். இன்னொன்று, ஆரம்பத்தில் கூட்டம் அமைதியாக இருக்கும். அது ஆர்வமில்லாத அமைதி கிடையாது, உற்றுப் பார்க்கிற அமைதி. அதே கூட்டம் முப்பதாவது நிமிடத்தில் என்ன சத்தம் போடுகிறது என்று கேளுங்கள். ஜப்பானிய வர்ணனை புரியாவிட்டாலும் அதோடு பார்ப்பதையே நான் சொல்வேன், வர்ணனையாளர் குரல் உடைகிற இடங்களில் உங்களுக்கும் உடையும்.

ஏன் அந்த வருடமே ஒகாடா ஜெயிக்க வேண்டியிருந்தது?

கதைப்படி நேரம் வந்துவிட்டது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மாதம் நியூ ஜப்பானுக்குப் பெரிய இடி விழுந்தது. அதே நிகழ்ச்சியில் ஷின்சுகே நகமுராவும் ஏஜே ஸ்டைல்ஸும் மோதினார்கள், அருமையான மேட்ச். சில மணி நேரத்திலேயே இருவரும் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போகப்போகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்துவிட்டது. தனஹாஷிக்கு இணையாக நின்ற நகமுரா போகிறார், வெளிநாட்டு நட்சத்திரங்களில் முதலில் நின்றவர் போகிறார், தனஹாஷிக்கு வயது 39. அந்த நிலைமையில் அடுத்த ஆள் இவர்தான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய ஒரு மேட்ச் கையில் இருந்தது நிறுவனத்தின் பாக்கியம்.

அந்தச் சந்தேகத்தைப் போக்கியவர் ஜெயித்தவர் மட்டும் இல்லை. 2012-லேயே தனஹாஷி சும்மா வழிவிட்டு ஒதுங்கியிருந்தால் ஒகாடாவுக்கு ஒரு பெல்ட் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். டோமில் இரண்டு முறை அவரைத் தோற்கடித்து, அழவைத்து, மூன்றாவது முறை தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொட்டி அதன் பிறகும் தோற்றதால்தான் அந்த வெற்றிக்கு இத்தனை எடை வந்தது. மூத்தவர்கள் தோற்றுக் கொடுப்பதை நிறைய பார்த்திருக்கிறேன், இவ்வளவு உழைத்துத் தோற்ற வேறொருவரை நான் பார்த்ததில்லை.

அதோடு தனஹாஷி முடிந்துவிட்டாரா?

நானும் அப்படி பயந்தேன். இடையில் கைவிட்டுப் போன பெல்ட்டை 2016 ஜூனில் திரும்ப வென்ற ஒகாடா, அதை 720 நாள் வைத்திருந்தார். அதில் 2018 மே 4, ஃபுகுவோகாவில் நடந்த மேட்ச் கொடூரமானது, தனஹாஷியின் 11 முறை சாதனையை உடைக்க ஒகாடா தாண்ட வேண்டியிருந்த 12-ஆவது ஆள் தனஹாஷியேதான். தாண்டினார். அன்றைக்கு நிஜமாகவே எல்லாம் முடிந்ததுபோல இருந்தது.

ஆனால் அதே கோடையில், 41 வயதில், தனஹாஷி ஜி1 கிளைமாக்ஸை மூன்றாவது முறையாக ஜெயித்தார். செப்டம்பரில் கோபேயில் ஒகாடாவையே வென்று டோமுக்கான உரிமையைக் காப்பாற்றினார், 2019 ஜனவரி 4 அன்று அப்போதைய சாம்பியன் கென்னி ஒமேகாவைத் தோற்கடித்து எட்டாவது முறையாக ஐ.டபிள்யூ.ஜி.பி. பெல்ட்டை வாங்கினார். 2023 டிசம்பரில் நிறுவனத்தின் தலைவராகவே ஆனார். 2026 ஜனவரி 4-தான் தன் கடைசி நாள் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார். இடம் வேறெது, டோக்கியோ டோம்தான்.

ஜப்பானில் இப்படி மோதினால் எப்போதும் இளையவர்தான் ஜெயிப்பாரா?

இல்லவே இல்லை. 2021 பிப்ரவரி 12, புடோகான் அரங்கம், நோவா என்ற இன்னொரு ரெஸ்லிங் நிறுவனத்தின் ஜி.எச்.சி. பெல்ட்டுக்காக 58 வயது கெய்ஜி முட்டோ, தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது இளைய கோ ஷியோசாகியை வென்றார். முட்டோவின் இரண்டு முழங்கால் மூட்டுகளும் 2018-இல் மாற்றப்பட்டவை, கம்பத்தின் உச்சியிலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து எதிராளி மேல் விழும் அவருடைய புகழ்பெற்ற மூன்சால்ட்டை இனி செய்யவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் ஆல் ஜப்பான் நிறுவனத்தின் ட்ரிபிள் க்ரவுன் பெல்ட்டை யூஜி நகாடா கென்டோ மியாஹராவிடமிருந்து எடுத்தபோது நகாடாவுக்கு வயது 54. பெல்ட் கிழவர்கள் கைக்கே போனால் இளையவர்கள் எப்போது வளர்வது என்று சிலர் கோபப்பட்டார்கள், அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால் முட்டோவின் வெற்றி அந்த ஒரு இரவுக்கு இனித்தது, அதற்கு மேல் ஷியோசாகிக்கு எதையும் கொடுக்கவில்லை.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

நிறுவனத்தின் சொந்த ஸ்ட்ரீமிங் தளம் நியூ ஜப்பான் வேர்ல்ட், பழைய மேட்சுகளுக்கு முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். நேரம் குறைவு என்றால் 2015 ஜனவரி 4, 2016 ஜனவரி 4, இந்த இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள். 2015-ஐப் பார்க்கும்போது மணி அடித்ததும் நிறுத்திவிடக் கூடாது, ஒகாடா திரும்பிப் போகிற நடை முடியும் வரை ஓடட்டும். நேரம் இருக்கிறது என்றால் 2012 பிப்ரவரியில் தொடங்கி, 2013-இன் ஜனவரி, ஏப்ரல் மேட்சுகள், அப்புறம் இந்த இரண்டு, கடைசியாக 2018 மே. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். பெரும்பாலானவை அரை மணி நேரத்தைத் தாண்டுகிற மேட்சுகள், நாளுக்கு ஒன்று போதும்.